"சுகர் இருந்துச்சுங்க" என்பது பதில் இல்லை

மு.கு: நான் டாக்டர் இல்லை. பி.காம். படிக்கிறவன். மருந்து, மாத்திரை யோசனைக்கு இந்தப் பதிவைப் படிக்காதீங்க, உங்க டாக்டரைப் பாருங்க. இது கணக்கு கேட்கிற பதிவு. கணக்கு கேட்க பி.காம். போதும்னு நினைக்கிறேன் :-)

நம்ம பக்கம் துக்க வீட்டுக்குப் போனா "என்னங்க ஆச்சு?"ன்னு ஒரு கேள்வி கேட்டாகணும். பதிலும் தயாரா இருக்கும். "காய்ச்சல்னு போனாங்க. நெஞ்சுல சளி, நிமோனியான்னு சொன்னாங்க. ஐசியூல வெச்சாங்க. சுகர் வேற இருந்துச்சுங்க..." அந்தக் கடைசி வார்த்தை வந்ததும் கேட்டவர் தலையை ஆட்டிடுவார். "ஓ, சுகர் இருந்துச்சா." அவ்வளவுதான், விசாரணை முடிஞ்சுது. சுகர் எவ்வளவு இருந்துச்சு, ஐசியூல தினமும் பார்த்தாங்களா, ஏறினப்ப என்ன செஞ்சாங்க... இதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க. கேட்டா நாகரிகம் இல்லாதவன்னு பேர் வரும்.

2020, 2021 ரெண்டு வருஷமும் இதே பதிலை அரசாங்கமே தினமும் சாயங்காலம் சொல்லிச்சு. தமிழ்நாடு சுகாதாரத் துறையோட கொரோனா அறிக்கை ஞாபகம் இருக்கா? புதுத் தொற்று இத்தனை, டிஸ்சார்ஜ் இத்தனை, இறப்பு இத்தனை. ஒவ்வொரு இறப்புக்கும் வயசு, ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன இணை நோய். டிவியில கீழே ஓடும்: "இணை நோய் உள்ளவர்கள் இத்தனை பேர், இல்லாதவர்கள் இத்தனை பேர்." அந்த அளவுக்காவது வெளிப்படையா போட்டாங்களேன்னு பாராட்டலாம், பாராட்டணும். ஆனா 38,000-க்கும் மேல இறப்பு பதிவான ஒரு மாநிலத்துல "நீரிழிவு"ங்கற வார்த்தை ஆயிரக்கணக்கான தடவை அச்சாகியும், ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னிக்கு அந்த மனுஷரோட சுகர் எவ்வளவுன்னு ஒரு கட்டம் அதுல இல்லை.

காமர்ஸ் பசங்களுக்கு ஒரே உதாரணம் போதும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலை. என்ன செய்வோம்? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போடுவோம். அது தற்காலிக ஏற்பாடு. தப்பு எங்கேன்னு தேடிப் பிடிச்சு, ரெக்டிஃபிகேஷன் என்ட்ரி போட்டு அந்தக் கணக்கை மூடணும். மூடாம அப்படியே வருஷா வருஷம் கொண்டு போனா ஆடிட்டர் விடுவாரா? நம்ம ஊர்ல "சுகர்" அப்படி ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். டேலி ஆகாத சாவையெல்லாம் அதுல போட்டுட்டு நிம்மதியா இருக்கோம். யாரும் திறந்து பார்க்கறதில்லை.

நான் சொல்ல வர்றது இதுதான். "சுகர் இருந்தது"ங்கறது ஆள் யாருன்னு மட்டும்தான் சொல்லுது. என்ன நடந்ததுன்னு சொல்லலை. சுகருக்கும் நுரையீரல் கெடறதுக்கும் நடுவுல நாலஞ்சு படி இருக்கு. பல படியில கை வைக்க வழி இருக்கு. அந்த ஒத்தை வார்த்தை எல்லாப் படியையும் சேர்த்து மூடிடுது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கொஞ்சம் உயிரியல், பயப்படாதீங்க.

நுரையீரல் கோடிக்கணக்கான குட்டிக் காற்றுப் பைகளால ஆனது. பள்ளிக்கூடப் புத்தகத்துல காற்று நுண்ணறைன்னு படிச்சிருப்போம். அதோட சுவர் தலைமுடியை விட மெலிசு. சுவருக்கு ஒரு பக்கம் காத்து, இன்னொரு பக்கம் ரத்தம். கிருமி உள்ள வந்ததும் அங்கயே காவல் இருக்கற மேக்ரோஃபேஜ்ங்கற செல் சத்தம் போட்டு ஆள் கூப்பிடும். நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணுக்கள் ரத்தத்துல இருந்து சுவரைத் தாண்டி ஓடி வரும். வந்து, செல்லையே அரிக்கற நொதிகளைக் கொட்டிக் கிருமியைக் கொல்லும். இதுக்குப் பேர்தான் அழற்சி. அழற்சி நல்லது, அது இல்லைன்னா சின்னச் சளிக்கே போய்ச் சேர்ந்துடுவோம். ஆனா அந்த நொதிகளுக்கு இது கிருமி, இது நம்ம வீட்டுச் செல்லுன்னு பேதம் தெரியாது. வேலை முடிஞ்சதும் எல்லாம் அடங்கணும். அடங்கலைன்னா மெலிசான அந்தச் சுவரே சேதமாகும், கசியும். ரத்தத்துல இருக்கற நீரும் புரதமும் காற்றுப் பைக்குள்ள இறங்கும். காத்து இருக்க வேண்டிய இடத்துல தண்ணி. அதுக்கப்புறம் மூக்குல எவ்வளவு ஆக்ஸிஜன் விட்டாலும் ரத்தத்துல போய்ச் சேராது.

1967-ல அமெரிக்காவோட டென்வர் நகரத்து டாக்டர்கள் 12 நோயாளிகளை வெச்சு இந்த நிலையை லான்செட் இதழ்ல விவரிச்சாங்க. இன்னிக்கு அதை ஏ.ஆர்.டி.எஸ்.னு சொல்றாங்க. கொரோனாவுல மட்டும் வர்றதுன்னு நினைக்காதீங்க. சாதாரண நிமோனியா, பன்றிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், வேற எங்கயோ புண்ணுல ஆரம்பிச்சு ரத்தம் முழுக்கப் பரவற செப்சிஸ்... எல்லாத்துலயும் வரலாம். கொரோனா போயிடுச்சு, இந்தப் பேச்சு எதுக்குன்னு கேட்கறவங்களுக்கு இதுதான் பதில்.

இப்ப இதுல சுகர் எங்க வருது?

முதல் படி, கிருமிக்குச் சாப்பாடு. மூச்சுக்குழாயோட உள்பக்கத்துல மெல்லிசா ஒரு ஈரப் படலம் இருக்கு. அதுல சர்க்கரை ரத்தத்துல இருக்கறதுல பத்துல ஒரு பங்குக்கும் கீழே. உடம்பு வேணும்னேதான் குறைச்சு வெச்சிருக்கு, பாக்டீரியா பட்டினி கிடக்கட்டும்னு. ரத்தத்துல சுகர் ஏறினா இங்கயும் கசிஞ்சு ஏறும்.

ரெண்டாவது படி, வர வேண்டிய ஆள் சரியா வர்றதில்லை. சுகர் ஏறிக் கிடக்கற ரத்தத்துல நியூட்ரோஃபில் மந்தமாயிடும். கிருமி இருக்கற இடத்துக்குப் போறது, விழுங்கறது, கொல்றது எல்லாமே குறையும்.

மூணாவது படி, சத்தம் மட்டும் அதிகம். மேக்ரோஃபேஜ் ஏற்கெனவே எரிச்சல்ல இருக்கும். ஐ.எல்.6, டி.என்.எஃப். மாதிரி அழற்சிச் சமிக்ஞைகள் தேவைக்கு மேல கொட்டும். நாள்பட்ட சுகர்ல புரதத்துமேல சர்க்கரை ஒட்டிக்கும். "மூணு மாச சுகர்"னு டெஸ்ட் எடுக்கறோமே, அது ஹீமோகுளோபின் மேல ஒட்டின சர்க்கரையைத்தான் அளக்குது. அது மாதிரி சர்க்கரை ஒட்டி முத்திப்போன புரதங்களைப் பிடிச்சுக்கிட்டு அழற்சியைத் தூண்டற ஏற்பி ஒண்ணு இருக்கு. சாதாரண நிலையில உடம்புல அது ரொம்ப அதிகமா இருக்கற இடம் எது தெரியுமா? நுரையீரல். மந்தமான அதே நியூட்ரோஃபில் இன்னொண்ணும் செய்யும். தன் டி.என்.ஏ.வையே வலையா வெளிய வீசிட்டுச் சாகும். கிருமியைப் பிடிக்கத்தான் அந்த வலை. சுகர் ஏறின உடம்புல அதைச் சுலபமா வீசிடும். வலை அதிகமானா ரத்தக்குழாய் அடைக்கும், திசு கெடும்.

நாலாவது படி, சுவரே பலவீனம். ரத்தக்குழாயோட உள்பக்கத்துல பாசி மாதிரி ஒரு பூச்சு இருக்கு. கசிவைத் தடுக்கறதுல அதுக்குப் பெரிய பங்கு. ஏறின சுகர் அதைத் தேய்ச்சுடும்.

அஞ்சாவது படிதான் முக்கியம். கடுமையான தொற்று தானாவே சுகரை ஏத்தும். உடம்பு ஆபத்துன்னு தெரிஞ்சதும் அட்ரினலின், கார்ட்டிசால் சுரக்கும். கல்லீரல் சர்க்கரையைக் கொட்டும், இன்சுலின் வேலை செய்யாது. இதுவரைக்கும் சுகரே இல்லாத ஆளுக்குக்கூட ஐசியூல 200, 250-னு ஏறும். ஏற்கெனவே சுகர் இருக்கறவருக்குக் கேட்கணுமா? தொற்று சுகரை ஏத்த, சுகர் அழற்சியை ஏத்த, அழற்சி மறுபடி சுகரை ஏத்த... செக்கு மாடு மாதிரி சுத்திச் சுத்தி வரும். இந்தச் சுத்தலை எங்கயாவது ஒரு இடத்துல வெட்டலாம். வெட்டினாங்களாங்கறதுதான் கேள்வி.

இதைப் படிச்சப்புறம் "சுகர் பேஷண்டுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி"ங்கற வசனத்தைக் கேட்டுப் பாருங்க. பாதி உண்மை, அதனாலயே ஆபத்து. ஆரம்பத்துல கிருமியைத் தடுக்கற வேலையில குறைவு, சரி. பின்னாடி நுரையீரலைக் கெடுக்கற வேலையில குறைவே இல்லை, கூடுதல். அடக்கம்தான் குறைவு.

இந்தப் பாதி உண்மையை வெச்சு எவ்வளவு பெரிய வியாபாரம் நடந்துது! "எதிர்ப்பு சக்தியை ஏற்றுங்கள்"னு லேகியம், பொடி, ஜூஸ், பிஸ்கட், மெத்தைகூட வித்தாங்க. சர்க்கரைப் பாகுல கிண்டின லேகியத்தை சுகர் உள்ள அப்பாவுக்குத் தினம் ரெண்டு ஸ்பூன் கொடுத்த பிள்ளைங்க எத்தனை பேர். அன்பாலதான் கொடுத்தாங்க. ஆனா வித்தவனுக்குத் தெரியாதா?

உண்மையில கொரோனாவுல உயிரைக் காப்பாத்தினது எது? 2020 ஜூன்ல பிரிட்டன்ல நடந்த ரெக்கவரி ஆய்வோட முடிவு வந்துது. டெக்ஸாமெத்தசோன்ங்கற பழைய, விலை மலிவான ஸ்டீராய்டு, தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல 28 நாளுக்குள்ள இறந்தது, மருந்து கொடுக்காதவங்கள்ல 41.4 சதவீதம், கொடுத்தவங்கள்ல 29.3 சதவீதம். ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவங்கள்ல 26.2-ல இருந்து 23.3. ஆக்ஸிஜனே தேவைப்படாதவங்களுக்குப் பலன் எதுவும் இல்லை. இந்த மருந்து என்ன செய்யுது? எதிர்ப்பு சக்தியை ஏத்தலை. அடக்குது! மூச்சுக்குத் திணறிக்கிட்டு இருந்தவங்களைக் காப்பாத்தினது, நாடே ஏத்தச் சொல்லி விளம்பரம் பண்ணின அதே சக்தியை இறக்கின ஒரு மருந்து. இதை எந்த விளம்பரமாவது சொல்லிச்சா?

இன்னொரு சமாச்சாரம், நேர்க்கோட்டுல யோசிக்கறவங்களுக்கு. "சுகர் இருந்தா நுரையீரல் போயிடும்"னு அடிச்சுச் சொல்றாங்க இல்லையா? 2000-ல அமெரிக்காவுல செப்டிக் ஷாக்ல விழுந்த 113 பேரைப் பார்த்து ஒரு ஆய்வு வந்துது. சுகர் இல்லாதவங்கள்ல 47 சதவீதம் பேருக்கு ஏ.ஆர்.டி.எஸ். வந்துது. சுகர் இருந்தவங்கள்ல 25 சதவீதம் பேருக்குத்தான் வந்துது. தலைகீழ்! ஆய்வு பண்ணினவங்களே அதிகமா வரும்னு எதிர்பார்க்கக்கூடிய இடத்துல பாதிதான். நியூட்ரோஃபில் மந்தமா இருக்கறதால நுரையீரலுக்குள்ள பாயற கூட்டமும் குறையுதுங்கறது ஒரு விளக்கம். அதுக்காக சுகர் நல்லதுன்னு யாரும் கிளம்பிடாதீங்க. கொரோனாவுல சுகர் உள்ளவங்க அதிகமாத்தான் இறந்தாங்க. இங்கிலாந்துல 2020 மார்ச்சுல இருந்து மே வரைக்கும் ஆஸ்பத்திரியில கொரோனாவால இறந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தர் நீரிழிவுக்காரர். எனக்கு வேண்டியது ஒண்ணுதான்: சுகருக்கும் நுரையீரல் சேதத்துக்கும் உள்ள உறவு, ஸ்விட்ச் போட்டா லைட் எரியற மாதிரி இல்லை. எந்தக் கிருமி, எந்த நிலை, அன்னிக்கு சுகர் எவ்வளவு, என்ன மருந்து, எல்லாத்தையும் பொறுத்தது. பொறுத்ததுன்னா, மாத்த முடியும்னு அர்த்தம்.

மாத்த முடியுமான்னு கேட்டா, சீனாவோட ஹூபே மாகாணத்துல இருந்து 2020-ல வந்த ஒரு கணக்கைப் பாருங்க. கொரோனாவோட ஆஸ்பத்திரிக்கு வந்த 7,337 பேர். அதுல 952 பேருக்கு டைப் 2 நீரிழிவு. இவங்கள்ல ஆஸ்பத்திரியில இருந்தப்ப சுகர் 70-ல இருந்து 180-க்குள்ள இருந்தவங்களையும், அந்த எல்லையைத் தாண்டினவங்களையும் பிரிச்சுப் பார்த்தாங்க. கட்டுக்குள்ள இருந்தவங்கள்ல இறந்தது 1.1 சதவீதம். கட்டுக்குள்ள இல்லாதவங்கள்ல 11 சதவீதம். பத்து மடங்கு! ரெண்டு பக்கமும் "இணை நோய்: நீரிழிவு"தான். நம்ம ஊர் அறிக்கையில ரெண்டு பேரும் ஒரே கட்டத்துல போய் உட்காருவாங்க.

புள்ளியியல் பேப்பர்ல பாஸ் ஆனவங்க உடனே கை தூக்குவீங்க: "நோய் முத்தினவங்களுக்கு சுகரும் ஏறியிருக்கும், அதனால செத்திருப்பாங்க. சுகர் காரணமா, அடையாளமா?" சரியான கேள்வி. வயசு, மத்த நோய் எல்லாத்தையும் கணக்குல எடுத்தும் பெரிய வித்தியாசம் இருந்துது, ஆனாலும் இது வெறும் கவனிப்பு ஆய்வு, நிரூபணம் ஆகாது. ஒத்துக்கறேன். ஆனா இந்தக் கேள்வியைக் கேட்கறதுக்கே சுகர் எவ்வளவுன்னு எழுதி வெச்சிருக்கணும் இல்லையா? எழுதாத ஊர்ல காரணமா அடையாளமான்னு விவாதம்கூட நடத்த முடியாது.

இப்ப 2021-க்கு வாங்க. ரெண்டாவது அலை. டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும்னு தெரிஞ்சதும் நம்மாளுங்க என்ன பண்ணினாங்க? வாட்ஸ்அப்ல வந்த மருந்துச் சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்ல ஸ்டீராய்டு வாங்கி, ஆக்ஸிஜன் 98 இருக்கறப்பவே, வீட்லயே முதல் நாள்ல இருந்து முழுங்கினாங்க. ஸ்டீராய்டு சுகரைக் கண்டபடி ஏத்தும். சாயங்காலம் 300, 400 எல்லாம் சகஜம். யாரு பார்த்தா? பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வீட்டுக்கு ஒண்ணு இருந்துது. குளூக்கோமீட்டர்?

அப்புறம் வந்துது கறுப்புப் பூஞ்சை. 2021 மே மாசம் தமிழ்நாடு அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோய்னு அறிவிச்சுது. ஜூன் 28 அன்னிக்கு மத்திய அரசு சொன்ன கணக்குப்படி நாடு முழுக்க 40,845 பேர். அதுல ஏறக்குறைய 64 சதவீதம் பேருக்கு நீரிழிவு. பாதிக்கு மேற்பட்டவங்க ஸ்டீராய்டு எடுத்தவங்க. நோய் மூக்குல ஆரம்பிச்சு கண்ணுக்கும் மூளைக்கும் போகும். உயிரைக் காப்பாத்த கண்ணை எடுத்தாங்க, மேல்தாடையை எடுத்தாங்க. ஏறின சுகர், அடங்கின எதிர்ப்பு, ரெண்டும் சேர்ந்தா அந்தப் பூஞ்சைக்குக் கல்யாண விருந்து. இதையும் "சுகர் இருந்துச்சு"ன்னே கணக்கு எழுதினோம். சுகரை ஏத்தினது யாருன்னு எழுதலை.

இங்க என் பாடத்துக்குள்ள வர்ற ஒரு விஷயம். 2021 ஜூன் 12, ஜிஎஸ்டி கவுன்சிலோட 44-வது கூட்டம். கறுப்புப் பூஞ்சைக்கான ஆம்ஃபோடெரிசின் மருந்துக்கு வரி 5-ல இருந்து பூஜ்யம் ஆச்சு. பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு 12-ல இருந்து 5. நல்ல விஷயம். குளூக்கோமீட்டரும் அதோட ஸ்ட்ரிப்பும்? அந்தப் பட்டியல்லயே இல்லை. 12 சதவீதம் அப்படியே நின்னுது. 2025 செப்டம்பர்லதான் 5 ஆச்சு. நுரையீரல் கெட்டப்புறம் காட்டற கருவிக்கு அவசரச் சலுகை, பூஞ்சை வந்தப்புறம் கொடுக்கற மருந்துக்கு வரியே இல்லை, இது ரெண்டும் வராம முன்கூட்டியே எச்சரிக்கற காகிதத் துண்டுக்கு நாலு வருஷம் கழிச்சு. அந்த ஏழு சதவீதத்தால சாவு நடந்துதுன்னு சொல்ல வரலை. நம்ம கண்ணு எங்க இருந்துதுன்னு காட்ட இதைவிட நல்ல வவுச்சர் கிடைக்காது.

ஒரு சின்னக் கணக்கு. ஸ்ட்ரிப் ஒண்ணு 20 ரூபாய்னு வெச்சுக்குவோம். ஸ்டீராய்டு எடுக்கற 10 நாளும் தினம் 4 தடவை பார்த்தா 40 ஸ்ட்ரிப், 800 ரூபாய். இன்னொரு பக்கம் ஆம்ஃபோடெரிசின் ஊசி பல நாள், ஆபரேஷன், ஒரு கண்ணு. காஸ்ட் அக்கவுண்டிங்ல தோத்தவனுக்கும் விடை தெரியும்.

அடுத்தது எனக்கு ரொம்பக் கோபம் வர்ற இடம். "அவர் வாயைக் கட்டலைங்க." செத்தவர் மேலயே பழி. லட்டு தின்னார், டீயில சர்க்கரை போட்டார், நடக்கலை, அதனால போனார். சொல்றவருக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி: நான் நடக்கறேன், எனக்கு வராது. மேல சொன்ன அஞ்சாவது படியைத் திரும்பப் படிங்க. கடுமையான தொற்று யாருக்கும் சுகரை ஏத்தும். வாயை வருஷக்கணக்காக் கட்டினவருக்கும் ஏறும். ஸ்டீராய்டு கொடுத்தா இன்னும் ஏறும். ஐசியூல டியூப்ல சாப்பிடறவர் எந்த வாயைக் கட்டுவார்? அந்த நாள்கள்ல சுகரைக் கட்டுக்குள்ள வெக்கிற பொறுப்பு நோயாளியோடது இல்லை. பொறுப்பு மத்தவங்க கையில இருந்த நேரத்துல நடந்ததுக்கு, படுத்துக் கிடந்தவர் மேல பழி. இது எந்த ஊர் நியாயம்?

2023-ல வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு இந்தியாவுல 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவுன்னு சொல்லிச்சு. பத்து கோடிப் பேருக்கு ஒழுக்கம் இல்லைன்னு முடிவு கட்டறது சுலபம். பத்து கோடிப் பேர் தொற்றோட வந்தா நம்ம ஆஸ்பத்திரி என்ன செய்யப்போகுதுன்னு யோசிக்கறதுதான் கஷ்டம். நாம சுலபமானதைத் தேர்ந்தெடுத்துட்டோம்.

எதிர்த் தரப்பையும் சொல்லிடறேன். "தம்பி, 2021 மே மாசத்துல ஒரு நர்ஸுக்கு எத்தனை பெட் தெரியுமா? மணிக்கு ஒரு தடவை சுகர் பார்க்க முடியுமா?" முடியாதுதான். அந்த நர்ஸையோ டாக்டரையோ நான் குத்தம் சொல்லலை. பிபிஇ கிட்டுக்குள்ள வேர்த்துக் கொட்டி நின்னவங்களைக் குத்தம் சொன்னா வாய் வெந்துடும். ஆனா ஆள் பத்தலைன்னா, "ஆள் பத்தலை"ன்னு எழுதணும். அது ஒரு காரணம். அதைச் சரி பண்ணலாம், பட்ஜெட் போடலாம், ஆள் எடுக்கலாம். "சுகர்"னு எழுதினா யாரும் எதையும் சரி பண்ண வேண்டாம்.

இன்னொரு எதிர்ப்பு: "அப்ப சுகரை இறுக்கிப் பிடிச்சுட்டா எல்லாம் சரியாயிடுமா?" இல்லை. இதுல மருத்துவ உலகமே ஒரு பாடம் படிச்சிருக்கு. 2001-ல பெல்ஜியத்துல லூவன் நகரத்து ஆய்வு, அறுவை சிகிச்சை ஐசியூல சுகரை 80-110-க்குள்ள இறுக்கிப் பிடிச்சா இறப்பு 8 சதவீதத்துல இருந்து 4.6-ஆ குறையுதுன்னு சொல்லிச்சு. உலகமே அதைப் பிடிச்சுக்கிச்சு. 2009-ல 6,000-க்கும் மேற்பட்ட ஐசியூ நோயாளிகளை வெச்சு நைஸ்-சுகர்னு ஒரு பெரிய ஆய்வு. இறுக்கிப் பிடிச்சவங்கள்ல 27.5 சதவீதம் இறந்தாங்க, 180-க்குள்ள விட்டவங்கள்ல 24.9. அதாவது ரொம்ப இறுக்கினா ஆபத்து, சுகர் தாழ்ந்து போறதும் கொல்லும். இன்னிக்கு ஐசியூல பெரும்பாலானவங்களுக்கு 140-லிருந்து 180-ங்கற அளவைச் சொல்றாங்க. கவனிச்சீங்களா? அவங்க ஒரு எண்ணைச் சொன்னாங்க, தப்புன்னு தெரிஞ்சதும் எண்ணை மாத்தினாங்க. எண் இருந்ததால மாத்த முடிஞ்சுது. நாம "சுகர்"னு ஒரு வார்த்தையை வெச்சிருக்கோம். வார்த்தையை எப்படித் திருத்துவீங்க?

சரி, சும்மா திட்டிட்டுப் போகாம என்ன வேணும்னு சொல்றேன்.

1. அடுத்த தொற்று வரும். வர்றப்ப அரசு அறிக்கையில "இணை நோய்: நீரிழிவு"ன்னு ஒரு வார்த்தை போதாது. சேர்ந்த அன்னிக்கு சுகர், மூணு மாச சுகர், ஸ்டீராய்டு கொடுத்தாங்களா, தினம் எத்தனை தடவை சுகர் பார்த்தாங்க... இந்த நாலு கட்டமும் வேணும். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், மொத்தக் கணக்கைப் போடுங்க போதும்.

2. ஸ்டீராய்டு எழுதற ஒவ்வொரு சீட்டுலயும் சுகர் எப்பப்ப பார்க்கணும்னு அடுத்த வரியில எழுதணும். சீட்டு இல்லாம ஸ்டீராய்டு விக்கிற கடைக்கு ஷட்டர் போடணும்.

3. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீடு தேடி வந்து சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கறாங்க. உண்மையிலேயே நல்ல திட்டம். அதே கையோட "காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்"னு ஒரு துண்டுச் சீட்டும் கொடுங்க. "சாப்பிடவே இல்லை, அதனால இன்சுலின் போடலை"ன்னு தானே நிறுத்திடற வீடுகள் ஏராளம். காய்ச்சல்ல சாப்பிடாட்டியும் சுகர் ஏறும்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை.

4. தடுப்பூசி. நீரிழிவு உள்ளவங்களுக்கு வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி, அதோட நிமோகாக்கல் ஊசி போடச் சொல்லி மருத்துவ அமைப்புகள் சொல்லிக்கிட்டே இருக்கு. குழந்தைகளுக்கு நிமோகாக்கல் ஊசி அரசுத் திட்டத்துல இலவசம். தாத்தாவுக்குச் சொந்தக் காசு. நுரையீரல் வரைக்கும் கிருமி வராம வாசல்லயே நிறுத்தற வழி இது. நம்ம சொந்தக்காரங்கள்ல எத்தனை பேருக்கு இப்படி ஒரு ஊசி இருக்கறதே தெரியும்?

இதுல எதுவும் ராக்கெட் விடற வேலை இல்லை. எண்ணை எழுதி வெக்கறது, எழுதினதைப் பார்க்கறது, பார்த்ததுக்கு ஏதாவது செய்யறது. மூணாங்கிளாஸ்ல ரஃப் நோட்டு போட்டப்பவே கத்துக்கிட்டது.

கடைசியா, இதைப் படிக்கிற கிளாஸ்மேட்ஸுக்கு ஒரு ஹோம்வொர்க். நம்ம செட்டுல பாதிப் பேர் வீட்ல அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர். மாத்திரை பேர் தெரியும், டாக்டர் பேர் தெரியும். கடைசியா மூணு மாச சுகர் எடுத்தது எப்ப, அதுல வந்த எண் என்னன்னு தெரியுமா? இன்னிக்கு ராத்திரி பீரோவுக்கு மேல இருக்கற அந்த பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சு ரிப்போர்ட்டை எடுங்க. எண்ணைப் பார்க்கறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க.